சுவருக்கு அந்தப்புறம் இருபத்துநாலு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. ஸ்ரீவராகத்தில், எங்கள் தெருவில், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தப்புறம் அப்பளம் பொரித்தால் எத்தனை என்று இந்தப்புறம் சொல்லிவிடலாம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார நான் என்ன சந்நியாசினியா?

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று, கர்க்கடக மாசம், அதாவது ஆடி. எட்டு வருஷமாகிறது. பக்கத்து வீட்டில் மூன்று பேர்: சர்க்கார் கச்சேரி குமாஸ்தா நீலகண்டன், அவர் மனைவி வாலாம்பாள், கணவனை இழந்து தம்பியோடு வந்து வீட்டை ஆண்டுகொண்டிருந்த அக்கா பாகீரதி. வாலாம்பாளுக்கு நிமோனியா. அவளைப் பார்த்துக்கொள்ளத் தெற்கேயிருந்து ஜெயபாய் என்றொரு நர்ஸ் வந்தாள். கதை அவளுடையது. நான் இதில் இல்லை.

(அந்தக் கடைசி வாக்கியத்தின்மேல் ஒரு கண் வைத்திருங்கள். பிற்பாடு அடிக்கவேண்டி வரலாம்.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது." கர்க்கடகத்தில் வேறென்ன பெய்யும்? அடித்தாயிற்று.

"வெள்ளைப் புடவையில் தேவதைபோல அவள்..." இல்லை. கெண்டைக்கால்வரை சேறும், ஒரு கம்பி ஒடிந்த குடையுமாக வந்தாள்.

"ஜெயபாய்க்கு எண்ணத் தெரியும்." இது இருக்கட்டும்.

3

ஜெயபாய்க்கு எண்ணத் தெரியும். அவளுக்குத் தெரிந்த மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வந்த அன்றே பாகீரதி சட்டம் போட்டாள். கிறிஸ்தவ வேதக்காரி, அதனால் வாசலை ஒட்டிய முன் அறையோடு சரி. கூடத்துக்கு ஏறும் ஒற்றைப் படியைத் தாண்டக்கூடாது. தண்ணீர் தனி டம்ளரில். சாப்பாடு வெளியே. ஜெயபாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் சட்டத்தைப் போட்டாள். தலையணை, மெத்தை, பழம்புடவை மூட்டை எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கி, வாலாம்பாளைச் சாய்த்து உட்காரவைத்தாள். மூடியிருந்த ஜன்னலைத் திறந்தாள்.

"சாரல் அடிக்கறதுடீ! குளுந்து போயிடும், கேட்டயா?" என்றாள் பாகீரதி.

"கம்பிளி போத்தியிருக்கேம்மா. குளிரைத் தாங்குவாவ. காத்து இல்லாட்டித்தான் தாங்கமாட்டாவ."

"பெரிய டாக்டராட்டமா பேசறாளே!"

"டாக்டரு பத்து நிமிசம் நிப்பாரு. நான் நாள் முச்சூடும் இருக்கேன்லா."

ஜன்னல் வெளிச்சத்தில் நோயாளியின் நகத்தைத் திருப்பிப் பார்ப்பாள், நீலம் ஏறியிருக்கிறதா என்று. துப்பியதைக் கிண்ணத்தில் பிடித்து, இரும்புத் துரு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பாள். தண்ணீர் கொடுப்பதென்றால் தலையை நிமிர்த்தி, ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். படுத்த வாயில் ஊற்றினால் தண்ணீர் போகும் இடமே வேறு என்பாள்.

அன்று சாயங்காலமே நீலகண்டன் கேட்டார். "நர்ஸம்மா, நாடி பாக்க இத்தனை நாழியா?"

"நாடி அப்பமே பாத்தாச்சு சார்," என்றாள், குரலை இறக்கி. "இப்பம் மூச்சு எண்ணுதேன். எண்ணுதோம்னு தெரிஞ்சா மூச்சு மாறிப்போவும். அதுக்குத்தான் கையைப் பிடிச்ச பிடியிலேயே இருக்கேன்."

(இதை வாசித்ததும் உங்கள் மூச்சு ஒருமுறை தயங்கிற்று, இல்லையா? நான் ஒன்றும் செய்யவில்லை. எழுதினேன், அவ்வளவுதான்.)

சுவருக்கு இந்தப்புறம் ஒருத்திக்கு அது போதுமானதாக இருந்தது. ஆத்துக் கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளும் எண்ணப் பழகினாள். ஒரு நிமிஷத்துக்கு முதல் நாள் நாற்பது. மூன்றாம் நாள் நாற்பத்துநாலு. ஆறாம் நாள் நாற்பத்தெட்டு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம்.

4

இந்தப் பகுதியை நான் யோசித்து எழுதவில்லை. பேனாவைக் காகிதத்தில் வைத்தேன், வந்தது.

ஏழாம் நாள் பிற்பகல். மழை விட்டிருந்தது. வாலாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஜெயபாய் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் இடத்தை மட்டும், ஒரு காது இருக்கும் உயரத்தில், பார்த்தாள்.

"அந்தப் பக்கமும் ஒரு ஆளு மூச்சு விடுதாவ," என்றாள் தனக்குத்தானே. "இருவத்திரண்டு."

சுவருக்கு இந்தப்புறம் மூச்சு நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெயபாய் சொன்னாள்: "இப்பம் இல்ல."

5

எட்டாம் நாள். ஜெயபாய்க்குத் தெரியும், இந்தக் காய்ச்சல் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு நாள் மலையிலிருந்து விழுகிறமாதிரி விழும். உடம்பு வேர்த்துக் கொட்டும், கைகால் சில்லிடும், மூச்சு பாதியாகக் குறையும். பார்க்கிறவர்களுக்குச் சாவுபோல இருக்கும். உண்மையில் பிழைத்ததன் அடையாளம் அது. ஆனால் அந்த ஒரு நாள்தான் நெஞ்சு துவண்டுகிடக்கும். துடைத்து, கதகதப்பாக மூடி, சாய்த்தபடியே அசைக்காமல் வைக்கவேண்டும். தரையில் கிடத்தினால் போயிற்று.

இதைப் பாகீரதியிடம் சொல்லிவைக்கலாமா என்று யோசித்தாள். சொன்னால் நிமிஷத்துக்கு ஒருதரம் காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், நோயாளி காதில் விழும்படி புலம்புவார்கள். தெரிந்தால் மாறிப்போகும். வேண்டாம்.

அவள் கற்ற வித்தையே அவளைத் தப்பாக வழிநடத்தியது இந்த ஒரு இடத்தில்தான்.

காலையிலிருந்து பட்டினி. சாலைக் கடைத்தெருவில் அவள் சித்தப்பா ஞானையன் வீட்டில் ஒரு வாய் சோறு. போய்வர ஒரு மணி நேரம். இரண்டரைக்குக் குடையை எடுத்தாள்.

"படுக்க வைக்கப் பிடாதும்மா. ஜன்னலை அடைக்கப் பிடாது. இன்னா வந்துட்டேன்."

"போடீம்மா, போ. எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பாகீரதி.

6

இங்கே கதைக்கு ஒரு பக்கத்துவீட்டுக்காரி வேண்டும்.

ரத்னாபாய் என்று பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வயசைக் கூட்டினேன், காதை மந்தமாக்கினேன். மந்தக் காதுக்காரி எப்படி எண்ணுவாள்? இப்படி ஒரு பாத்திரமே தேவையா, பாகீரதி தானாகவே காலைத் தொட்டுப் பார்த்தாள் என்று எழுதினால் என்ன? எழுதினேன். வாக்கியம் நிற்கவில்லை. அந்த நேரம் கொல்லையில் மாட்டுக்கொட்டிலில் இருந்த பாகீரதி எதற்காகத் திடீரென்று...

சரி. முதல் பகுதிக்குப் போய், "நான் இதில் இல்லை" என்பதை அடித்துவிடுங்கள்.

மூணு மணிக்குச் சுவரில் காதை வைத்தேன். நாற்பத்தெட்டு இல்லை. கடியாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி எண்ணினேன். இருபத்துநாலு. முனகலும் இல்லை. எனக்கு எண்ணத்தான் தெரியும். எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை. ஆனாலும் தெருவில் முதலில் சொல்வது நானாக இருக்கவேண்டும் அல்லவா? கொல்லைப்புறமாக ஓடினேன்.

"பாகீரதி அக்கா! வாலாவுக்கு மூச்சு அடங்கறது!"

"எந்தா பறயறே, சீதே? என்ன சொல்றே?"

"சீக்கிரம் வந்து தொட்டுப் பாருங்கோ!"

தொட்டாள். சில்லென்றிருந்தது.

எங்களில் யாரும் கட்டிலில் உயிரை விடக்கூடாது. தரையில் தர்ப்பை பரப்பி, தெற்கே தலைவைத்து, வாயில் கங்கைத் தீர்த்தம் விட்டபிறகே போகவேண்டும். கட்டிலில் போனால் ஆத்மா அந்தரத்தில் நிற்கும் என்று பயம். ஆள் போய்ச் சொல்ல, நீலகண்டன் கச்சேரியிலிருந்து ஓடி வந்தார். வாலாம்பாளைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

7

ஜெயபாய் திரும்பியபோது கட்டில் காலி. தலையணை மூட்டையில் முதுகு சாய்ந்த பள்ளம் மட்டும், வேர்வை ஈரத்தோடு.

படியருகே வந்து நின்றாள். ஈரத்துணியால் துடைத்த கருங்கல் தரை, அதன்மேல் தர்ப்பை. நீலகண்டன் தோளையும் பாகீரதி காலையும் பிடித்திருக்க, நடுவே வாலாம்பாள் இறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தீர்த்தச் செம்பு தயாராக இருந்தது.

"பொழைச்சிட்டாவம்மா! காய்ச்சல் எறங்கியிருக்கு! கிடத்தாதிய! தண்ணி விடாதிய, நெஞ்சுக்குள்ள போயிரும்!"

"அங்கேயே நில்லு!" என்று பாகீரதி அலறினாள். "படியேறினா தீட்டு! அவளுக்கு நல்ல கதி கெடைக்காமப் பண்ணாதே!"

"யாரு சொன்னா மூச்சு அடங்குதுன்னு?"

தூணுக்குப் பின்னால் நான் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். ஆனால் ஜெயபாய் தூணைத்தான் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. என் மூச்சு மாறிப்போயிற்று.

வாலாம்பாளின் முதுகுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

8

முடிவுகள்:

ஜெயபாய் படியேறினாள், சேற்றுக் காலோடு. வாலாம்பாளை நெஞ்சோடு அணைத்து உட்காரவைத்தாள். மறுநாள் தீட்டுக் கழியக் கூடத்துக்குப் புண்ணியாகவாசனம் செய்தார்கள். மறுவாரம் வாலாம்பாள் தோசையில் உப்பு இல்லையென்று சண்டை போட்டாள். (இதை எழுதும்போது கை நடுங்கவில்லை. அதனால் சந்தேகம்.)

ஜெயபாய் படியிலேயே நின்றாள். ஒரு ஸ்பூன் தீர்த்தம். ஒரு செருமல். பிறகு... (இதை எழுதும்போது நடுங்கிற்று. அதற்காக உண்மை என்று ஆகிவிடாது.)

தூணுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி வெளியே வந்து, "தப்பு என்னுது, நான்தான் சொன்னேன், கீழே விடாதீங்கோ" என்றாள். (மூன்றில் இது ஒன்றுதான் நடக்கவில்லை என்று சத்தியம் செய்யமுடியும்.)

9

அடுத்த சித்திரையில் பக்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். குதிரைவண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்பீர்கள். எண்ணினேன். சொல்லமாட்டேன்.

அந்தப் பூட்டு துருப்பிடித்துவிட்டது. ஆனால் கர்க்கடகம் வந்தால், மழைவிட்ட பிற்பகலில், சுவருக்கு அந்தப்புறம் கேட்கிறது. இருபத்துநாலு. எலி என்கிறார் ஆத்துக்காரர். எந்த எலி நிமிஷத்துக்கு இருபத்துநாலு தடவை நிதானமாக மூச்சு விடும்? கடியாரத்தைப் பார்த்தேனானால் அது தயங்கும். அதனால் என் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல உட்கார்ந்து எண்ணுகிறேன். சில நாள் இன்னொரு குரலும் உண்டு, என்னை எண்ணுகிற குரல்.

ஏழாம் பகுதியின் கடைசி வாக்கியத்தை நான் தாண்டாதவரை அந்த மூச்சு ஓடுகிறது. எட்டு வருஷமாக ஒரு சாண் உயரத்தில் வாலாம்பாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கை கடுக்கிறது.

கொஞ்சம் அவளை வாங்கிக்கொள்ளுங்களேன். ஜெயபாய் செய்வதையெல்லாம் பார்த்தீர்கள், எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கை முதுகுக்குப் பின்னால். தலை நிமிர்ந்தே இருக்கட்டும். செம்பைத் தள்ளி வையுங்கள். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடியுங்கள், சும்மா பிடித்திருப்பதுபோல.

எண்ணுகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டாம்.