ஐந்நூறாவது துண்டு

"என்னமாவது கேளு" என்றான் சுயம்பு.

"என்னத்தக் கேக்க?" என்றாள் செல்வக்கனி.

"எதையாவது. கல்யாணமாகி மூணு நாளாச்சு. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிற."

"கேட்டாத்தான் தருவீங்களா?"

"கேக்காம எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இருக்கட்டும்."

பதினோரு வருஷத்துக்கு முந்தி ஒரு மத்தியானத்தில், புதுப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிய பேச்சு இது. செல்வக்கனிக்கு ஒரு சொல் மாறாமல் ஞாபகம் இருந்தது. புகார்க் கடிதம் பிரிக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது. ஏன் வருகிறதென்று அவள் யோசிப்பதில்லை. அடுத்த கடிதத்தைப் பிரிப்பாள்.

எல்லாக் கடிதங்களும் ஒன்றையேதான் சொல்லின. பெட்டியில் ஒரு துண்டு குறைகிறது.

அவள் நடத்திய தொழில் அப்படி. ஓவியர்கள் வரைந்த படத்தை வாங்கி அச்சடிப்பாள். தடித்த அட்டையில் ஒட்டுவாள். பலகையில் பிளேடு பதித்த டையை வைத்து ஒரே அழுத்தில் ஐந்நூறு துண்டாக வெட்டுவாள். பெட்டியில் போட்டு அனுப்பினால், வாங்கியவர்கள் வீட்டுத் தரையில் கொட்டி மறுபடி படமாகச் சேர்த்துக்கொள்வார்கள். காலண்டரும் நோட்டுப் புத்தகமும் அச்சடிக்கிற ஊரில் இது சின்னத் தொழில்தான். ஆனால் நல்ல பெயர் இருந்தது. எந்தப் படமானாலும் முதல் பெட்டியை அவளே தரையில் கொட்டிச் சேர்த்துப் பார்ப்பாள். முழுதாகச் சேர்ந்த பிறகுதான் மற்றப் பெட்டிகள் வாசலைத் தாண்டும்.

மரகதம் டீச்சர் வரைந்த மான்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. மற்ற ஓவியர்களின் கோயில், கடல், திராட்சைக் குலை எல்லாம் சேர்ந்தன. அதே டை. அதே அழுத்தம். சுயம்பு வரைந்த 'ஞாயிற்றுக்கிழமை வீடு' மட்டும் சேரவில்லை. எத்தனை தடவை வெட்டினாலும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது துண்டுதான் விழுந்தது.

அது அவர்கள் வீடேதான். வாசலில் சுயம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். மடியில் பூனை. கொடியில் துணி. கதவோரம் செல்வக்கனியின் குடை. படியில் அவளுடைய செருப்பு. ஜன்னல் விளிம்பில் அவளுடைய மூக்குக் கண்ணாடி, மடக்காமல். உள்ளே அடுப்படி வாசலில் ஒரு ஓட்டை. அங்கேதான் துண்டு இல்லை.

அடுப்படி வாசல்தானே, அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாள் செல்வக்கனி. பெட்டிகளை அனுப்பிவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

படத்தை வெட்டிய மறுநாள், படத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் வீட்டில் கோடு விழுந்தது. அது வழக்கம். மரகதம் டீச்சர் வீட்டு மான்களுக்கும் அப்படித்தான் விழுந்தது. பூனையின் முதுகில் வளைவு வளைவாக மெல்லிய வெட்டுக்கோடு. குடை விரித்தால் கோட்டு வழியே தண்ணீர் சொட்டும். சுயம்புவின் இடது தோளில், துண்டும் துண்டும் கோத்துக்கொள்கிற குமிழ் ஒன்று வந்து கழுத்துக்குள் பொருந்தி நின்றது. குளிக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துத் தேய்க்க வேண்டும். பூனை அவன் மடியில் ஏறினால் கோடும் கோடும் சேர்ந்து இரண்டும் ஒரே படமாகிவிடும்.

வீட்டில் கோடில்லாதவள் செல்வக்கனி ஒருத்திதான். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வழவழவென்று இருக்கும்.

திங்கட்கிழமை துண்டுக்குறை விசாரணை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. உடனே வரவும் என்றிருந்தது. போனாள்.

அலுவலகத்தில் மேசை கிடையாது. தரை முழுக்க 'ஞாயிற்றுக்கிழமை வீடு' நிஜ அளவில் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிகாரி கொடியில் காய்ந்த துணிமேல் சம்மணமிட்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"துண்டு எங்கம்மா?"

"தெரியல சார்."

"டையில எத்தன இருக்கு?"

"ஐந்நூறு."

"வெட்டுறது யாரு?"

"நான்தான்."

"எண்ணுறது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப நீங்கதான் குறையிறீங்க" என்றார் அதிகாரி. "அந்த ஓட்டையில போயி நில்லுங்க."

செல்வக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வாசல்வரை நடந்து போய் நின்றாள்.

"இடது முழங்கையக் கொஞ்சம் மடக்குங்க. ஆங்."

எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதிகாரி எழுந்து வந்து அவளைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் இடைவெளி இல்லை. 'பொருந்துகிறது' என்று படிவத்தில் எழுதினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"படம் இல்லையே."

"சார்?"

"உங்க மேல படம் இல்லம்மா. வெறும் அட்டையா இருக்கீங்க. வெறும் அட்டையத் துண்டுன்னு எழுத எனக்கு அதிகாரம் கெடையாது."

"நான் அந்த வீட்லதான சார் இருக்கேன்."

"குடை இருக்கு. செருப்பு இருக்கு. கண்ணாடி இருக்கு. உங்களக் காணோம்." அவர் இன்னொரு முறுக்கை எடுத்தார். "வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள படத்தோட வாங்க. இல்லன்னா கழிவு அட்டையில சேத்துருவோம்."

"சேத்தா?"

"கூழுக்குப் போகும்."

"அப்புறம்?"

"நல்ல அட்டையா வரும். பயப்படாதீங்க. வீட்டுக்காரர் ஓவியர்னுதான போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப என்ன. கேட்டா வரைஞ்சுட்டுப் போறாரு."

செல்வக்கனி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வந்தபோது பதினெட்டு அடியாக இருந்த அலுவலக நடை, திரும்பும்போது சாயங்காலம்வரை நீண்டது. பஸ்ஸில் கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

எதிர்வீட்டு இஸ்ரவேல் அண்ணாச்சி போன ஆடியிலிருந்து காலண்டராகத் தொங்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தினசரிக் காலண்டருக்குப் பிழை பார்த்தவர். அவர் மனைவி அற்புதம் தினமும் காலையில் அவரில் ஒரு தாளைக் கிழிப்பாள். ராகுகாலம், எமகண்டம், ராசிக்கு ஒரு சொல்லாகப் பலன் எல்லாம் தெளிவாக இருக்கும். அவர் இப்போது ரொம்ப மெலிந்துவிட்டார். மார்கழிக்குள் முடிந்துவிடும் என்று அற்புதம் யாரிடமும் சொல்வதில்லை. சில நாள் கிழிக்க மறந்ததுபோல இருந்துவிடுவாள்.

"அண்ணாச்சி, எனக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"இன்னைக்கு அலைச்சல். நாளைக்குத் தாமதம். புதனும் தாமதம். வியாழன் சோர்வு."

"வெள்ளி?"

அண்ணாச்சி தாள்களைப் படபடவென்று தனக்குள் புரட்டிப் பார்த்தார். காற்று கொஞ்சம் வந்தது.

"வெள்ளிக்கெழம ஒன் ராசிக்கு எதிர ஒண்ணும் அச்சாகல தாயி. நானும் ரெண்டு தரம் பாத்துட்டேன். பிழ இல்ல. வெறும் வெள்ளையா இருக்கு."

"மதினி, என்ன செய்ய?"

அற்புதம் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டுத் தொலையேன்டி. நான் இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். இப்ப கேட்டா நல்ல நேரம் சொல்றாரு."

செல்வக்கனி கேட்கவில்லை. மரகதம் டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

மரகதம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாக மான் மட்டும் வரைகிறார். "ஒக்காரு, ஒரு மணி நேரத்துல முடிச்சுரலாம்" என்றார். செல்வக்கனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். படம் முடிந்தது. ஓடையில் தண்ணீர் குடிக்கிற ஒரு மான்.

"டீச்சர், இது மான்."

"கண்ணப் பாரு. ஒன் கண்ணு."

பார்த்தாள். அவள் கண்தான். யாராவது கூப்பிடுவார்கள் என்று காதைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஒன் வீட்டுக்காரன் ஒன்ன வரையலயா?"

"இல்ல டீச்சர்."

"கேட்டியா?"

"கேட்டு வரைஞ்சா அது நானா டீச்சர்? கேட்டதுக்காக வரைஞ்சதுதான?"

டீச்சர் தூரிகையைக் கழுவினார். "மானுங்க கேக்குறதில்ல" என்றார். "அதனாலதான் அதுக எப்பவும் ஓடையிலயே நிக்குதுக."

மானை எடுத்துக்கொண்டு புதன்கிழமை அலுவலகம் போனாள். அதிகாரி ரேஷன் கார்டைக் கேட்டு வாங்கி விரல் வைத்துப் படித்தார். "குடும்பத்துல மான் இல்லையே" என்று சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவள் வெளுக்கத் தொடங்கினாள். முதலில் சேலையின் கரை. பிறகு வளையல். மத்தியானம் கண்ணாடியில் பார்த்தபோது முகத்தில் மூக்கும் வாயும் பென்சிலால் லேசாகப் போட்டு அழித்ததுபோல இருந்தன. வாசலில் நின்றவள்மேல் பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். "நல்லா நிக்குது" என்று பூனையிடம் சொன்னார்.

சாப்பிட உட்கார்ந்த சுயம்பு இரண்டு தட்டு வைத்தான். எதிர்த் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கனி, இருக்கியா?"

"இருக்கேன்."

"ரசம் நல்லாருக்கு."

"ம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. அப்பளம் வைக்கவா?"

"வையி."

அவன் கழுத்தில் இருந்த குமிழ் கொஞ்சம் விலகி நின்றது. பழக்கத்தில் கையை நீட்டி அமுக்கிவிட்டாள். அவள் விரல் பட்ட இடத்தில் வெறும் அட்டை வாசம் அடித்தது. அவன் அதை முகர்ந்தான். சாப்பிட்டு முடித்து, இரண்டு தட்டையும் அவனே கழுவி வைத்தான்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குக் கழிவு அட்டைக்காரர்கள் இருவர் வாசலில் தராசோடு வந்து உட்கார்ந்தார்கள். மரியாதையானவர்கள். "அவசரமில்லீங்க, அஞ்சு ஆகட்டும்" என்றார்கள். தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தாள். சொம்பைத் திருப்பித் தரும்போது ஒருவன் அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல கெனம்" என்று மற்றவனிடம் சொன்னான்.

செல்வக்கனி டீ போட்டாள். சுயம்பு வரைகிற அறை வீட்டின் கடைசியில் இருந்தது. அடுப்படியிலிருந்து பதினாலு எட்டு. பதினோரு வருஷமாக நாலு மணிக்கு டீ கொண்டுபோகிறாள். கண்ணை மூடிக்கொண்டு போவாள்.

இன்றைக்குப் பதினாலு எட்டு வைத்தும் கதவு வரவில்லை. இன்னும் பதினாலு வைத்தாள். சுவரில் தெரியாத ஜன்னல்கள் வந்தன. ஒரு ஜன்னலில் அவளுடைய கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தள்ளிக்கம்மா, மறைக்குது" என்றார். அவள் தள்ளிக்கொண்டாள். இன்னொரு ஜன்னலில் சுயம்பு 'ஞாயிற்றுக்கிழமை வீடு' வரைந்துகொண்டிருந்தான். குடையை வரைந்தான். செருப்பை வரைந்தான். தேய்ந்த குதிகாலைக்கூட விடாமல் வரைந்தான். அடுப்படி வாசலுக்கு வந்ததும் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி அறைக் கதவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

டீ ஆறிவிட்டது. ஆறிய டீயைக் கொடுக்க முடியாது. சுட வைக்கலாமென்று அவள் திரும்பினாள்.

பின்னால் அடுப்படி இரண்டே எட்டில் இருந்தது. அதற்கும் அந்தப்பக்கம் வாசலில் தராசுத் தட்டை ஒருவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் இஸ்ரவேல் அண்ணாச்சி மணி சொன்னார். நாலு ஐம்பது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த விரல்கள் வெள்ளையாக இருந்தன. நகம் எது சதை எது என்று தெரியவில்லை.

ஆறிய டீயோடேயே முன்னால் நடந்தாள். எண்ணவில்லை. பிறந்ததிலிருந்து எதையும் எண்ணாமல் அவள் இருந்ததில்லை. எண்ணுவதை நிறுத்தியதும் கதவு வந்தது.

சுயம்பு ஜன்னலோரம் நின்றான். அவனுக்கு முன்னால் அதே படம். எல்லாம் இருந்தது. அடுப்படி வாசலில் மட்டும் வர்ணம் படாத ஒரு துண்டு இடம், இடது முழங்கையைக் கொஞ்சம் மடக்கிய மாதிரி. பக்கத்துத் தட்டில் வர்ணம் குழைத்து வைத்திருந்தான். பதினோரு வருஷமாகக் காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்த வர்ணம். அவளுடைய நீலச் சேலையின் நிறம். அந்தச் சேலை கிழிந்து அடுப்புத் துணியாகி எத்தனையோ நாளாகிறது.

"கனியா?" அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கதவுப் பக்கம் தேடினான். "எங்க நிக்கிற?"

"இங்க."

"சரியாத் தெரியல."

"டீ ஆறிப்போச்சு."

"பரவால்ல."

"சுட வச்சிட்டு வரவா?"

"வேணாம். போகாத."

அவன் தூரிகையை எடுத்தான். வைத்தான். தோளில் இருந்த குமிழ் விலகியிருந்தது. அவன் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. வாசலில் தராசுச் சங்கிலி ஒரு தரம் குலுங்கியது.

"என்னமாவது கேளு கனி" என்றான்.

படத்தில் இருந்தால் வெட்டுப்பட வேண்டும். டையை அழுத்தப்போவதும் அவள்தான். ஐந்நூறு துண்டாக விழுந்து, யார் யார் வீட்டுத் தரையிலோ கிடக்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். தொழில் அவளுடையது.

அவள் டம்ளரை ஜன்னல் விளிம்பில், மடக்காமல் கிடந்த தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வாய் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது.

"என்னையும் வரைங்க" என்றாள்.