சிறு திருத்தங்கள்

சும்மா கிடைப்பதைச் சும்மாவா கொடுப்பார்கள்? இந்தக் கேள்வியை ஆறு வருடமாக அவள் சிரித்தே மழுப்பி வந்தாள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அவளுடைய கம்பெனி ஒரு கருவியை இலவசமாகக் கொடுத்தது. அதிலேயே எழுதலாம், சோதிக்கலாம், சேமிக்கலாம். பிடிக்காவிட்டால் ஒரு பட்டனை அழுத்தி, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் போகலாம். அந்தப் பட்டனைச் செய்தவளே அவள்தான். அதைக் காட்டித்தான் ஊரையே இழுத்து வந்தாள். நாலு பேரோடு தனிக் கம்பெனி நடத்தும் சொந்தத் தம்பியும் அப்படி வந்தவன்தான்.

அன்று காலை மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வர்ற வெர்ஷன்ல அந்தப் பட்டனைத் தூக்கிடும்மா."

"ஏன் சார்?"

"எல்லாரும் நல்லா பழகிட்டாங்க. இனிமே எங்க போவாங்க? அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை. இத்தனை வருஷம் குடுத்தது என்ன, தர்மத்துக்கா?"

ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முதல் நாளே, என்ன மாறுகிறது என்று ஒரு குறிப்பு எல்லோருக்கும் போகும். எழுதுவது அவள். யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

"குறிப்புல 'சிறு திருத்தங்கள்'னு போட்டு விடு."

"என் தம்பியும் இதுலதான் சார் இருக்கான்."

"அட, அவனோடதை மட்டும் சத்தமில்லாம வெளிய எடுத்துக் குடுத்துடு. நான் கண்டுக்க மாட்டேன்."

அதுவரை பயந்துகொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் ரத்தம் கொதித்தது. திருட்டில் பங்கு கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறாரே மனுஷர்!

இருக்கைக்கு வந்து, படிக்காதவர் கண்ணிலும் படும்படி கொட்டை எழுத்தில் எழுதினாள். "நாளை முதல் உங்கள் வேலையை வெளியே எடுக்க முடியாது. இன்று முடியும். அடுத்த மாதம் வாடகை கேட்பார்கள். இத்தனை நாள் இலவசமாகக் கொடுத்ததே அதற்காகத்தான்." வழக்கமில்லாத வழக்கமாகக் கீழே தன் பெயரையும் போட்டாள். வருவது வரட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் மேனேஜர் மூச்சிரைக்க வந்து நின்றார். "யாரைக் கேட்டு அனுப்புனே? அந்தப் பட்டனை இப்பவே நிறுத்து! உன் வேலை போயிடும்!"

"போகட்டும் சார். நான் நிறுத்த மாட்டேன். வேற யாராவது நிறுத்தினா, அதையும் ஊருக்குச் சொல்லுவேன்."

அதற்குள் போன் அடித்தது. தம்பி.

"என்னக்கா இது, எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பட்டனை அழுத்தினா வரிசையில காத்திருங்கன்னு வருது. எனக்கு முன்னால எட்டாயிரம் பேர்!"

"நில்லுடா," என்றாள். "எல்லாரோடயும் நில்லு."