பிந்தி ஓடிய ஆறு

என் கணவர் நஸீபிடம் பழைய சாமான் ஒன்றை எறியச் சொன்னால் அவருக்கு உயிரே போய்விடும். அக்குறணையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்து, வாளியும் பேசினும் புதிது புதிதாக விற்கிற மனிதர், தன்னுடைய பொருளில் மட்டும் ஒரு துரும்பையும் விடமாட்டார். அந்த நெட்புக்கும் அப்படித்தான் கடைக்கு வந்தது. எழுதுகிற கொப்பி அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அவருடைய தங்கச்சி அபீபா கெம்பஸில் படித்த காலத்தில் வாங்கியது. அதில் விண்டோஸ் திறந்து முடிவதற்குள் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம்.

"லினக்ஸ் போட்டா இது புதுசு மாதிரி ஓடும்," என்றார் நஸீப்.

"ஓடி எங்க போகப்போகுது?" என்று கேட்டேன்.

ஆனால் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. எங்கள் கடையின் முன்பக்கம் மாத்தளை றோட்டு, பின்பக்கம் பிங்கா ஓயா என்ற ஆறு. மலைப்பக்கம் மழை கொட்டினால் ஆறு டவுனுக்குள் வந்துவிடும். இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அது புதினமில்லை. எங்களுக்கு மட்டும் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. கடைக்குக் கீழே, ஆற்றங்கரை மட்டத்தில் ஒரு ஸ்டோர் இருக்கிறது. றோட்டில் தண்ணீர் ஏறுவதற்கு வெகு முன்பே அதற்குள் ஏறிவிடும். ஆற்றின் மேல்பக்கம், பாலத்தடியில் நஸீபின் கூட்டாளி ஸாகியின் வீடு. ஸாகி தன் மாடியில் பாலத்தைப் பார்த்தபடி ஒரு கெமராவைப் பூட்டினார். அந்தப் படம் இன்டர்நெட் வழியாக எங்கள் கடைக்கு வரும். நெட்புக்கை மேசையில் வைத்து நாள் முழுக்க ஆற்றைக் கண்காணிக்கலாம். பாலத்தடிக் கல்லில் தண்ணீர் ஏறினால் கீழ் ஸ்டோரிலிருந்து ஆட்களை மேலே எடுத்துவிடலாம். யோசனை நல்லதுதான். இன்றுவரை நான் அதைக் குறை சொல்லவில்லை.

லினக்ஸ் ஏறியது. பிறகு திரை கறுத்தது. அணைத்துப் போட்டாலும் கறுப்பு, மறுபடி முதலிலிருந்து ஏற்றினாலும் கறுப்பு. நஸீப் ஃபோன் டோர்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பார்த்தார். உள்ளே மங்கலாக எழுத்துகள் தெரிந்தன.

"உசிர் ஈக்கி ஷஹ்மா, வெளிச்சந்தான் இல்ல," என்றார், பெரிய டொக்டர் மாதிரி.

ஃபோனில் ஸாகி வழி சொன்னார். மெஷின் எழும்பும்போது வருகிற வரியில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தார். படம் வந்தது. நஸீப் கைதட்டினார், நானும் தட்டினேன்.

"கொஞ்சம் பொறு மச்சான்," என்றது ஃபோனில் ஸாகியின் குரல். "அந்தச் சொல்லப் போட்டா கிராபிக்ஸ் சிப் தூங்கிடும். படம் முழுக்க ப்ரொசெசர் தனியா வரையணும், பழைய மெஷினுக்கு அது ஏலாது. வீடியோ இழுக்கும். வேற வழி ஈக்கி, ஞாயித்துக்கிழம வந்து செஞ்சி தாறேன்."

வீடியோ இழுக்கத்தான் செய்தது. ஆறு ஒரு நொடி ஓடும், நிற்கும், தாவும். நேரத்தைப் பிடிப்பதற்காக அது இடையிடையே படங்களை விட்டுவிட்டு ஓடுகிறது என்று நஸீப் கண்டுபிடித்தார். எங்கேயோ ஓர் இடத்தில், ஒரு படத்தையும் விடாமல் காட்டு என்று மாற்றினார். அதற்குப் பிறகு தாவல் இல்லை. ஆறு அழகாக, சோம்பலாக ஓடியது.

"ஆறுதானே, புட்போல் மேட்சா? மெதுவா ஓடினா என்ன வந்திச்சி?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை கடை திறந்ததிலிருந்து நெட்புக் ஓடிக்கொண்டிருந்தது. டவுனுக்கு மேலே வானம் வெளுத்திருந்தது, மலைப்பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. ஜும்ஆத் தொழுகை நேரம் நெருங்க, கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கின. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போகும்போது நாங்கள் பெண்கள் கடைக்குள் இருந்தால், வெளியே பூட்டிவிட்டுப் போவது எங்கள் வீட்டு வழக்கம். எங்களுக்கும் அது சௌகரியம்தான். முக்காட்டைத் தளர்த்திக் காலை நீட்டி உட்காரலாம். அந்தப் பூட்டைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று கடையில் நானும் மாமியும். மாமி பாயிஸா நஸீபின் உம்மா. கறி உப்பிலிருந்து கர்ட்டன் நிறம் வரை எனக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் பகல் சோற்றை ஒருவரை விட்டு ஒருவர் தொடமாட்டோம். றோட்டுச் சத்தம் கேட்காது என்று மாமி பகல் தொழுகையை, லுஹரை, தொழுவது எப்போதும் கீழ் ஸ்டோரில்தான். அன்றும் இறங்கினார்.

"ஆத்தப் பாத்துக்கோ," என்று நஸீப் நெட்புக்கைக் காட்டினார். "தண்ணி கல்லுக்கு ஏறினா உம்மாவ மேல கூட்டிட்டு வந்து எனக்கு கோல் எடு. பள்ளிக்குப் போகக்கொள்ள நான் பாலத்துல நிண்டு ஒனக்குக் கை காட்டுறேன், பாரு."

"பெரிய நடிகர். போங்க, நேரமாகுது."

ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. கேலி பண்ணினேனே தவிர, திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவருக்காகக் காத்துத்தான் இருந்தேன். பாலத்தில் யார் யாரோ போனார்கள், அவரைக் காணவில்லை. மறந்துபோய் வேறு வழியால் போயிருப்பார் என்று வாய்க்குள் திட்டிவிட்டு, வாளிகளுக்கு விலைச் சீட்டு ஒட்ட உட்கார்ந்தேன். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கி நடந்துகொண்டிருந்தது.

கீழே எதுவோ விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"மாமி?" என்று படியடியில் நின்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. தொழுகையில் நிற்பவர் பதில் சொல்லமாட்டார். கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால் தொழுகிறார் என்று அர்த்தம். வாப்பாவை, உம்மாவை, எல்லோரையும் நான் அப்படித்தான் அறிந்திருக்கிறேன். அடுக்கிலிருந்து ஒரு வாளி உருண்டிருக்கும் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன். கல் காய்ந்து கிடந்தது, அதன்மேல் ஒரு காகம் நடந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்து சீட்டு ஒட்டினேன்.

பிறகு சேற்று வாடை வந்தது. மழை பெய்த ஆற்றின் வாடை. மூக்கு அதைச் சொல்ல, கண் திரைக்குப் போனது. திரையில் ஆறு சோம்பலாக ஓடியது. வெயில் அடித்தது. பாலத்தில் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒரு மனிதர், கையில் மடித்த குடையோடு வந்தார். நின்றார். கெமராவைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினார்.

நஸீப்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கிறவர் எப்படிப் பாலத்தில் நிற்கிறார்? குத்பா முடியப்போகிற கட்டத்தில் இருந்தது. அவர் போய் எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. அந்தக் கிழட்டு மெஷின் ஒரு படத்தையும் விடாமல் வரைந்து வரைந்து, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திக்கொண்டே வந்திருக்கிறது. நான் பார்த்தது இப்போதைய ஆறு அல்ல. எப்போதோ போய்விட்ட ஆறு.

"மாமீ!"

படியிறங்க ஓடினேன். நாலைந்து படிக்குக் கீழே படியே இல்லை. கறுத்த தண்ணீர்தான் இருந்தது. வாளிகளும் மூடிகளும் அதில் சுற்றிச் சுற்றி மிதந்தன. பின்பக்க இரும்புக் கதவின் இடுக்கால் ஆறு பீறிட்டுக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க பல்ப் அணைந்தது.

இருட்டுக்குள் இறங்கினேன். தண்ணீர் தொடைக்கு மேலே வந்தது. ஃபோன் டோர்ச்சை அடித்தபோது சுவரோரம் மாமியின் முகம் தெரிந்தது. முகமும் கழுத்தும் மட்டுந்தான் தெரிந்தன. கதிரைகள் அடுக்கிய இரும்பு றாக்கை சரிந்து அவர் காலின்மேல் கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்த நிலையில் இருந்தார்.

"நீ கூப்பிட்டது கேட்டிச்சி புள்ள," என்றார். குளிரில் பல் தந்தியடித்தது. "தொழுற முஸல்லா நனஞ்சிச்சி, பைப் உடஞ்சதாக்கும் எண்டு நெத்திய வெச்சபடி ஸுஜூதுலயே ஈந்தேன். ஒரேயடியா வந்திட்டு. இது விழுந்த பொறகு கத்தினேன். பள்ளி ஸ்பீக்கர் சத்தத்துல ஒனக்குக் கேக்கல்ல."

றாக்கையைத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடி தூக்கினேன். நகம் பிய்ந்ததே தவிர அது அசையவில்லை. நஸீபுக்கு கோல் எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். கோல் எடு என்று சொன்னவர், பள்ளிக்குள் நுழையும்போது வழக்கம்போல ஃபோனை அணைத்திருப்பார், எல்லா ஆண்களும் அப்படித்தான். தண்ணீர் மாமியின் நாடியைத் தொட்டது. நான் அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து மேலே இழுத்துப் பிடித்தேன். பிடித்திருந்தால் மூச்சு விடுவார். ஆனால் நான் பிடித்துக்கொண்டே நின்றால் எங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. கைவிட்டு மேலே ஓடினால், திரும்பி வரும்போது இந்த முகம் இருக்குமோ தெரியாது. அவ்வளவு பயம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. பிள்ளை பெறும்போதுகூடப் பட்டதில்லை.

"போ," என்றார் மாமி.

"ஏலாது மாமி."

"போ எண்டு சொல்றேன். எப்பயும் எதிர்த்துப் பேசுவியே, இண்டைக்காவது சொன்னதக் கேளு."

மிதந்த பேசின்களை இழுத்து ஒன்றுக்குள் ஒன்று போட்டுக் கவிழ்த்து, தண்ணீருக்குள் அமுக்கி, அவர் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே திணித்தேன். அவர் உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. நாடியைவிட்டுத் தண்ணீர் இறங்கியது. அதைக் கண்டதும் விட்டுவிட்டு ஓடினேன்.

ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தேன். காலால் உதைத்தேன். வெளியே வாகனங்கள் போகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை, எல்லாம் பூட்டிக் கிடக்கும் என்று எனக்கே தெரியும். ஒருவரைத்தான் நம்பினேன். றோட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஸ்ரீதரன். அவருக்கு ஜும்ஆ இல்லை. அவர் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன்.

"தங்கச்சி! என்ன ஆச்சு?" என்று ஷட்டருக்கு வெளியே குரல் வந்தது.

"மாமி கீழ! ஆறு வந்திட்டு! தெறக்கச் சாவி இல்ல!"

"தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க!"

கல்லால் அடித்தாரோ இரும்பால் அடித்தாரோ, பூட்டில் அடி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் நான் கீழே பார்த்து "மாமி" என்றேன். முதலில் "ஓ" என்று பதில் வந்தது. பிறகு இருமல் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. இந்தமுறை அவர் தொழவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஷட்டர் ஏறியது. ஸ்ரீதரனோடு லொறிக்காரர் ஒருவரும் ஓடி வந்தார். மூன்று பேருமாகத் தண்ணீருக்குள் இறங்கினோம். மாமி வாயை இறுக மூடி, மூக்கை மட்டும் மேலே நீட்டி, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டியது. நான் அலறிவிட்டேன். அவர்கள் இருவரும் றாக்கையைத் தூக்க, நான் அவரை இழுத்தேன்.

ஸ்ரீதரனின் வீடு மருந்துக்கடைக்கு மேலே. அவர் மனைவி கமலம் சுடுதண்ணீர் வைத்து, மாமியைக் கழுவி, தன்னுடைய உடுப்பைப் போட்டுவிட்டார். கால் வீங்கியிருந்தது. அதற்குள் றோட்டிலும் தண்ணீர் ஏறிவிட்டது, அது வடிந்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நஸீப் அந்தத் தண்ணீருக்குள்ளால் நனைந்து ஊறி ஓடி வந்தார். உம்மாவைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகை முடிந்து என் பக்கம் திரும்பினார்.

"நீ ஸ்க்ரீனப் பாக்கல்லயா ஷஹ்மா?"

"பாத்தேன்," என்றேன். "நீங்க கை காட்டினதையும் பாத்தேன். உம்மா தண்ணிக்குள்ள கெடக்கக்கொள்ளதான் நீங்க எனக்குச் சிரிச்சுக் கை காட்டினீங்க."

அவருக்கு விளங்கியது. விளங்கியது முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைதட்டியதில் நானும் இருந்தேனே.

"லுஹர் கழிஞ்சிடும்," என்றார் மாமி. "கிப்லா எந்தப் பக்கம்?"

நஸீப் மக்காவின் திசையைக் காட்டினார். ஸ்ரீதரன் கதிரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனார். கமலம் அலுமாரியிலிருந்து தோய்த்து மடித்த வெள்ளைப் போர்வை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாமி அதைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உட்கார்ந்தபடி தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். அறை அமைதியானது.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். "மாமி," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. தொழுகையில் இருப்பவர் பதில் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை அந்த நுனியை நான் கையிலிருந்து விடவில்லை.