சுண்ணாம்பு சுட்ட இடம்

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் யாருக்கு வாய்க்குள் வெளுத்தாலும் அது சுண்ணாம்பு சுட்டதுதான். தேயிலைக் காட்டில் அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்ப்போம். அதில் ஒரு பங்கு கன்னத்துக்குள் போய்விடும். கல்யாணமானதிலிருந்து எனக்கும் என் வீட்டுக்காரர் நல்லமுத்துவுக்கும் ஒரே புகையிலைச் சுருக்குப்பை. வாய் வெந்தால் தேங்காய் எண்ணெய் தடவுவோம், பிறகு பழையபடி மெல்லுவோம்.

எஸ்டேட்டில் முகாம் போட வந்த நர்ஸ் ஜின்சி என் கன்னத்தின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். வெள்ளை போகவில்லை.

"செல்வலட்சுமி சேச்சி, இது சுட்டதில்ல. வயசான தோலு, தெனம் புண்ணாகி ஆறிட்டிருக்கு. அதுல ஒரு எடம் கெட்டுப்போயி தன்னால வளரத் தொடங்கும். கேன்சர் ஆக வருஷக்கணக்காகும், ஆகாமலும் போகும். இப்பவே பாத்தா எடுத்துடலாம்."

மூணாறு ஆஸ்பத்திரியில் அங்கே துளி சதையைக் கிள்ளியெடுத்துச் சோதித்தார்கள். கேன்சர் இல்லை, ஆனால் மாறத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். அந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். இப்போது நான் நோயாளியும் இல்லை, சுகமானவளும் இல்லை. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் நாக்கு அங்கேயே போய்த் தடவுகிறது. தப்பித்துப் போக இடமில்லை, வாயைக் கழற்றியா வைக்க முடியும்?

அதைவிடப் பெரிய பயம் அவரைப் பற்றியது. அவரும் அதே சுருக்குப்பையிலிருந்து மெல்லுகிறவர் அல்லவா. சில மாதமாகக் காரம் எரிகிறது என்று குழம்பை ஒதுக்குகிறார். கேட்டால் எனக்குச் சமைக்கத் தெரியவில்லையாம். சோற்றை உருட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகிறார். முகாமுக்குக் கூப்பிட்டால் முறைக்கிறார்.

"சோதிக்கப் போனவன் எவன் திரும்பி வந்தான்? பக்கத்து லயத்துச் சுடலைமணி வந்தானா?"

"அவரு கன்னத்துல ஓட்ட விழுந்த பொறவுதான போனாரு. நான் போயிட்டு வந்து ஒங்க முன்னாலதான நிக்கேன்."

அவர் சுருக்குப்பையை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவரை வாசலில் உட்காரவைத்து, செல்போன் டார்ச்சைப் போட்டுத் தாடையைப் பிடித்தேன்.

"வாயத் தொறங்க. பாக்காம இன்னைக்கு விடமாட்டேன்."

கொஞ்சம் திறந்தார். என் ஒற்றை விரலுக்குத்தான் இடம் இருந்தது. இந்த வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று இன்னும் அதட்டினேன்.

"நல்லாத் தொறங்கன்னா."

அவர் கண் கலங்கிவிட்டது. பல்லிடுக்கு வழியாகத்தான் பேச்சு வந்தது.

"தொறந்துதானட்டி இருக்கேன்."