பிரிட்ஜ் என்று பேர் வாங்கிய மெக்கர்

ஓஸ்வால்டின் வீட்டில் பிரிட்ஜ் என்றால் மெக்கர் என்று அர்த்தம். வயரிங்கில் கரண்ட் எங்கேயாவது கசிகிறதா என்று கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கும் கருவி. எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுத்த வருஷம், பிரிட்ஜுக்கென்று சேர்த்த காசில் இதை வாங்கிக்கொண்டு வந்து மனைவி முன்னால் வைத்தான்.

"இதுல பால் கெடாம இருக்குமா?" என்றாள் ஜோசஃபின்.

அன்றைக்கு வந்த பேர். பின்னால் நிஜ பிரிட்ஜ் வந்து, ரிப்பேராகி, வேறொன்றும் வந்துவிட்டது. பேர் மட்டும் மாறவில்லை.

லைசென்ஸ் வேண்டுமென்றால் கடையில் மெக்கர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மர்பி டவுனில் மெக்கர் இருந்த ஒரே கடை ஓஸ்வால்டுடையது என்பது நிலவரம். அதனால் யார் கடைக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தாலும் முதல் நாளே மெக்கர் அங்கே போய்விடும். திருவிழா சப்பரம் மாதிரி எல்லாத் தெருவுக்கும் எழுந்தருளிவிட்டுத் திரும்பும். ஓஸ்வால்ட் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் உண்மை. பெருந்தன்மை என்று அவனே பேர் வைத்துக்கொண்டான்.

இந்த முறை லைசென்ஸ் ரினியூவலுக்கு முதலில் இன்ஸ்பெக்ஷன் வந்தது ஜோசஃபினின் அண்ணன் சிரில் கடைக்கு. மறுநாள் காலையில் ஓஸ்வால்ட் கடைக்கு. ரினியூவல் ஆகாவிட்டால் பிழைப்பு போச்சு. லைசென்ஸ்காரன் கையெழுத்து இல்லாமல் எந்த வீட்டுக்கும் கனெக்ஷன் கிடைக்காது.

லைசென்ஸ் ஆபீசிலிருந்து வந்த வீணா மேடம் கன்னடத்தில் ஆரம்பித்து, ஜோசஃபின் கொடுத்த காபிக்குப் பிறகு தமிழுக்கு வந்தார். சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மெக்கரைச் சுத்திக் காட்டுங்க சார்."

ஓஸ்வால்ட் பேசிக்கொண்டே சுற்றினான். முள் நின்ற இடத்தைப் பார்க்காமலே சொன்னான். மேடம் தலையாட்டிவிட்டு மெக்கரைத் திருப்பினார். அடியில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்: 'சிரில் எலெக்ட்ரிகல்ஸ்'. நேற்று இன்ஸ்பெக்ஷனுக்காக ஒட்டியது. மச்சான் உரிக்க மறந்துவிட்டார். ஓஸ்வால்டும் திருப்பிப் பார்க்கவில்லை. தன் பொருளை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

"நேத்து இதைத்தான் அங்கே பார்த்தேன். கைப்பிடியில இதே சிவப்பு டேப்பு."

"மெக்கருங்க எல்லாம் அண்ணன் தம்பிங்க மேடம். ஜாடை இருக்கும்."

மேடம் சிரிக்கவில்லை. "சிரில் சாருதுன்னா உங்களுக்கு ரினியூவல் இல்லை. உங்களுதுன்னா, நேத்து அவருக்குப் போட்ட கையெழுத்தை நான் கேன்சல் பண்ணணும். யாருதுன்னு நீங்களே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"நாளைக்கே ஒண்ணு வாங்கிக் காட்டுறேன் மேடம்."

"இன்னிக்கு விட்டுப்போனா லைசென்ஸுக்குப் புதுசா அப்ளை பண்ணணும். புதுசுக்கு டிப்ளமோ கேக்கறாங்க. இருக்கா?"

இல்லை. அனுபவத்தை வைத்து லைசென்ஸ் கொடுத்த காலத்து ஆள் அவன். சிரிலும் அப்படித்தான்.

ஓஸ்வால்ட் கவுன்டரைப் பார்த்தான். ஜோசஃபின் பல்பு ஹோல்டர்களை எண்ணுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தாள். 'அது எங்க பிரிட்ஜு மேடம்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணனாச்சே. சொல்லாமல் ஒரே ஹோல்டரைத் திரும்பத் திரும்ப எடுத்து வைத்தாள்.

லோடு கணக்குப் போடுகிற மாதிரி ஓஸ்வால்ட் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். சிரிலுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆளை வைத்து வேலை வாங்கி, கையெழுத்துப் போட்டுச் சாப்பிடுகிறார். தனக்கு முட்டி கிறீச்சிட்டாலும் ஏணி ஏற வரும்.

"சிரிலுது மேடம்."

மேடம் பேனாவைத் திறக்கவில்லை. "நேத்து அவர் இதை எந்தப் பக்கம் சுத்தறதுன்னு தேடினார். நீங்க பார்க்காமயே சுத்தறீங்க. இன்னொரு தடவை கேக்கட்டுமா?"

"வேணாம் மேடம். திரும்பக் கேட்டா மாத்திச் சொல்லிடுவேன். நான் அவ்வளவு நல்லவன் இல்லை."

அவர் எழுதினார். மிச்சக் காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் சிரில் கேக் டப்பாவோடு வந்தார். "பாஸ் ஆயிட்டேன் மாப்ளே! அந்தம்மா கிட்ட ஒரு போடு போட்டேன் பாரு..."

நடந்ததை ஜோசஃபின்தான் சொன்னாள். சிரில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உன்னுதுன்னே சொல்லியிருக்கலாமே மாப்ளே." குரலில் தெம்பு இல்லை.

"சொல்லியிருந்தா கேக் யார் வாங்கிட்டு வருவா மச்சான்?"

கேக்கை யாரும் வெட்டவில்லை. சிரில் டப்பாவைக் கவுன்டரில் வைத்துவிட்டு, "என் கடைக்கு வந்துடு. வயர்மேனா போட்டுக்கறேன். பேருக்குத்தான் வயர்மேன், நீதான் எல்லாம்," என்றார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பாமலே பேசினார். "அந்தம்மா திடீர்னு மறுபடி வந்தா... அது என் கடையில இருக்கணும் இல்லே?"

ஓஸ்வால்ட் மெக்கரைத் துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்தான். "வலது பக்கமா சுத்தணும் மச்சான்."

அவர் தெருமுனை திரும்பியதும் ஏணியை எடுத்துச் சாத்தினான். 'லைசென்ஸ்டு கான்ட்ராக்டர்' என்று எழுதிய போர்டை இனி மாட்டி வைத்தால் அது வேறு கேஸ் ஆகும். ஜோசஃபின் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து முரண்டு பிடித்தன.

"ஜோசு," என்றான் மேலே இருந்து. "வீட்டுல ஒரு பிரிட்ஜ் நிக்குதே, அதுக்கு இனிமே மெக்கர்னு பேர் வச்சுடலாமா?"

ஏணி லேசாக ஆடியது. தரை மேடுபள்ளமா, அவள் கையா என்று ஓஸ்வால்ட் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றினான்.