மர மாப்பிள்ளை

அந்த மரப் பொம்மைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அக்காதான். ஒரு சாண் உயரம். முகம் கிடையாது. தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் உருண்டை மூட்டுகள். எப்படித் திருப்பினாலும் திருப்பியபடியே நிற்கும்.

"பேசாது, வேர்க்காது, முறைக்காது. உனக்குன்னே செஞ்சு வச்ச ஆளுடி" என்றாள் அக்கா.

சின்னவள் மறுத்துப் பேசவில்லை. அவள் விலங்கியல் படித்தவள். அக்கா பிசியோதெரபிஸ்டாக இருந்த சிகிச்சை நிலையத்தில், நோயாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் பயிற்சித் தாள்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. பொம்மையை ஜன்னலோரம் நிறுத்துவாள். அக்கா எழுதிக் கொடுத்தபடி கையையோ காலையோ திருப்புவாள். மெல்லிய கறுப்புப் பேனாவால் ஒரே தடிமனில் கோடு போடுவாள். அடித்தல் திருத்தல் இருக்காது. டாக்டரே ஒரு முறை தாளைத் தூக்கிப் பிடித்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்று சொன்னார்.

அவளுடைய சிறிய அறைக்கும் பயிற்சி ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைதான். ஆனால் ஹாலில் ஆட்கள் இருக்கும்போது அவள் அந்தத் திரையைத் தாண்டியதில்லை.

"ஒரு நாள் வந்து பாரேன். இல்லாட்டி நீயே செஞ்சு பாரு, போன்ல படம் எடுத்துத் தரேன்" என்று அக்கா பல முறை கூப்பிட்டிருக்கிறாள்.

"ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி செய்வாங்க. எனக்கு ஒரே மாதிரி வேணும்."

"ஆளுக்கு ஆள் வேற வேற உடம்புடி. நான் ஒருத்தருக்குத் துண்டைக் கொடுக்கறேன், ஒருத்தரைச் சுவரைப் பிடிக்கச் சொல்றேன், இன்னொருத்தருக்குத் துடைப்பக் கட்டை. பார்த்து மாத்திக்கறதுதான் வேலையே."

"அது உன் வேலை. எனக்கு இதுதான் வரும்."

உண்மையில் வேர்வையும் முனகலும் அவளைக் கூசச் செய்தன. அந்தக் கூச்சத்தைத் தன் வேலை முறை என்று சொல்லிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

பார்லர்க்காரம்மா சிகிச்சைக்கு முதலில் வந்தபோதே அவருடைய சிரிப்புச் சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. தோள் இறுகி வலது கை மேலே போகவில்லை. முடி வெட்டுகிறவர் அவர். நாள் முழுக்க அடுத்தவர் தலைக்கு மேல் கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

"இப்ப எனக்குப் பதிலா என் நாத்தனார்தான் என் நாற்காலிகிட்ட நின்னு வெட்டறா. அடுத்த மாசம் பொறக்கறதுக்குள்ள நான் வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாளாம். கடை அவ பேர்ல. நான் என்ன பேச முடியும்?" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் கட்டப் பயிற்சிகளை அக்கா கூட நின்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த கட்டம் வரும்போது அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். பயிற்சித் தாளை வரவேற்பில் இருந்த பெண் பார்லர்க்காரம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள். கையைப் பக்கவாட்டில் தூக்கிக் காதோரம் கொண்டுபோகும் படம் அது.

அக்கா வேலைக்குத் திரும்பிய பிறகு பார்லர்க்காரம்மா மறுபடி வந்தார். அன்று சிரிப்புச் சத்தம் இல்லை.

"கூடியிருக்குங்க. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல."

"எப்படிச் செய்யறீங்க? காட்டுங்க."

சின்னவள் புதிய தாள்களைக் கொடுக்கத் திரையோரம் வந்து நின்றிருந்தாள். பார்லர்க்காரம்மா உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்துக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தினார். தோள் உயரத்தில் கை நின்றது. அவர் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தள்ளினார்.

"போதும், போதும். கையை இறக்குங்க" என்றாள் அக்கா. "உள்ளங்கையைத் திருப்பாமலா இவ்வளவு நாளும் செஞ்சீங்க?"

"படத்துல அப்படித்தானே இருக்கு? நான் துளிகூட மாத்தல. வலிக்க வலிக்கச் செஞ்சேன்."

சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. கை தோளுக்கு மேல் போக வேண்டுமானால் மேற்கை எலும்பு வெளிப்புறம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அதன் மேட்டுப் பகுதி மேலே இருக்கும் எலும்பில் போய் முட்டும். இதைப் படம் போட்டுப் பரீட்சை எழுதியவள் அவள். ஆனால் மாப்பிள்ளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதன் தோள் ஒரு மர உருண்டை. எப்படித் தூக்கினாலும் வழுக்கிக்கொண்டு போகும்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். "உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கற மாதிரி வரைஞ்ச?"

சின்னவள் வாயைத் திறந்தாள். "அவங்க... அவங்க தப்பாப் பார்த்திருக்கலாம்."

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது.

பார்லர்க்காரம்மா தலையை ஆட்டினார். "இருக்கும் கண்ணு. கண்ணாடி போடாம பார்த்திருப்பேன். என் மேலதான் தப்பு." அக்காவிடம் திரும்பி, "பாப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

சின்னவள் திரைக்குப் பின்னால் போனாள். பொம்மை ஜன்னலோரம் கையைத் தூக்கியபடி நின்றது. அவள் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத் தன் கையைத் தூக்கினாள். தோள் உயரத்தில் தட்டியது. திருப்பினாள். போனது. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதைத்தான் அவள் ஒரு தடவையும் செய்து பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் பார்லர்க்காரம்மா தன் கண்ணையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். இங்கேயே உட்கார்ந்திருந்தால் அவர் அப்படியே நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

அவள் திரையை விலக்கினாள். ஹாலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தவர், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்த தம்பதி, எல்லோரும் இருந்தார்கள்.

"நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. படம்தான் தப்பு. நான் பொம்மையைப் பார்த்து வரைஞ்சேன். அப்புறம் தெரிஞ்சும் பழியை உங்க மேல போட்டேன்."

பார்லர்க்காரம்மா தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். "அப்போ இத்தனை நாள் பட்ட வலி?"



"அந்தத் தாளைக் காய்ச்சலுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை பார்த்தேன். கோடு அழகா இருக்குன்னு விட்டுட்டேன்" என்றாள் அக்கா. பிறகு தங்கையிடம், "நீயே செஞ்சு காட்டு" என்றாள்.

"இங்கயா?"

"வேற எங்க? மாப்பிள்ளையையா வரச் சொல்ல முடியும்?"

சைக்கிள் நின்றது. சின்னவள் கையைத் தூக்கினாள். அக்குளில் சட்டை நனைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. உள்ளங்கையை மெல்லத் திருப்பிக் காதோரம் கொண்டுபோனாள். பார்லர்க்காரம்மா அவளைப் பார்த்துக்கொண்டே செய்தார். அவர் கை தோளைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

"இதுக்கு மேல வேணாம்" என்ற அக்கா, தங்கையிடம் சொன்னாள். "இவங்க கையைப் பார்த்து வரை. இப்பவே."

"பேனா உள்ள இருக்கு."

பார்லர்க்காரம்மா இடது கையால் பையைத் துழாவிப் புருவப் பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார். சின்னவள் சுவரில் தாளின் பின்பக்கத்தை வைத்து நின்றபடியே வரைந்தாள். கோடு தடித்தது, இழுபட்டது, விரல் பட்டுக் கலைந்தது. கை எங்கே திரும்புகிறது என்பது மட்டும் தெரிந்தது.

பார்லர்க்காரம்மா தாளை வாங்கி மடித்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"கடைக்கு எப்ப போகலாம்?"

அக்கா அவர் தோளை விரலால் அழுத்திப் பார்த்தாள். "வீக்கம் வத்தணும். இன்னும் ஒரு மாசம் கூடுதலா ஆகும்."

பார்லர்க்காரம்மா கைப்பேசியை எடுத்தார். நாத்தனாரின் எண்ணை அழுத்தினார். "அண்ணிதான் பேசறேன். அடுத்த மாசம் வர முடியாதாம்... இல்ல, ஏமாத்தல. நான் எதுக்கு ஏமாத்தறேன்? இரு." அவர் கைப்பேசியைச் சின்னவள் பக்கம் நீட்டினார். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீ சொல்லு. என்ன நடந்துச்சோ அதை."

அறிமுகமில்லாதவர்களிடம் போனில் பேச வேண்டியிருந்தால் அக்காவிடம் கொடுத்துவிடுவதுதான் சின்னவளின் வழக்கம். அக்கா கையை நீட்டவில்லை.

"வணக்கம்க்கா."

"யாரு நீ?"

"உங்க அண்ணி கைக்குப் பயிற்சிப் படம் வரைஞ்சவ. தப்பா வரைஞ்சுட்டேன். அவங்க நாற்காலியை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

"என்ன படம்? ஒண்ணும் புரியல. சத்தமாச் சொல்லு, இங்க மெஷின் ஓடுது."

சின்னவள் குரலை உயர்த்தி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.