பக்கெட்டில் வந்த கட்டை

மாதப்பனுக்கு இரண்டு விரல் போனதில் கம்பெனிக்குத்தான் பெரிய வேதனை. குற்றப்பத்திரிகையில் அப்படித்தான் இருந்தது. பாதுகாப்பு விதியை மீறி வலது கையை பிரஸ் மெஷினுக்குள் விட்டு, அச்சைக் கெடுத்து, உற்பத்தியை நிறுத்தி, நிர்வாகத்துக்கு நஷ்டம் உண்டாக்கினானாம். விரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அச்சு வெளிநாட்டுச் சரக்கு. விரல் பாகலூர்ச் சரக்கு.

அந்தப் பழைய மெஷினில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் விரல் எப்படி உள்ளே போகும்? நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட்டில் பாதிகூடத் தேறாது. அதற்கு மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வலது பொத்தானை அழுத்தினபடியே ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். இடது கை அழுத்தும், வலது கை தகட்டை வைத்து எடுக்கும்.

கட்டையை யாரும் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்லை. ஷிப்டு ஆரம்பிக்கும்போது சூப்பர்வைசர் வெங்கடசாமி ஒரு பெயின்ட் பக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, கோயிலில் விபூதி கொடுக்கிற மாதிரி ஆளுக்கொன்று கொடுப்பார். பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டர் வருகிற அன்றைக்கு அதே பக்கெட்டில் திரும்ப வாங்கி பீரோவில் பூட்டிவிடுவார். அன்றைக்கு ஒருநாள் எல்லாருக்கும் இரண்டு கை இருக்கும்.

விசாரணை கேன்டீனில் நடந்தது. மீட்டிங் ஹாலில் கஸ்டமர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஓசூர் கோர்ட்டு வக்கீல், கம்பெனி அமர்த்தினவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"இயற்கை நீதிப்படிதான் எல்லாம் நடக்கும்பா. உன் தரப்பைக் கேக்காம நான் தண்டிக்க மாட்டேன்."

"கேட்டுட்டுத் தண்டிப்பீங்களா சார்?" என்றான் மாதப்பன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எச்.ஆர். ஜோஸ்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

தப்பு மாதப்பன்மேல் என்று ஆனால் வேலை போய்விடும். மூன்று விரல் வலது கையோடு சிப்காட்டில் எந்த கேட்டில் போய் நிற்பது? முந்தின நாள் அவன் மனைவி நஞ்சம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "வாயக் குடுக்காத. வேல மட்டும் இருக்கட்டும். நியாயத்த அப்பறமா பாத்துக்கலாம்."

வெங்கடசாமி சாட்சி சொன்னார். கட்டையா? அப்படி ஒன்றை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள்," என்றான் மாதப்பன். "விதிப்படி ரெண்டு கையாலயும் அந்த மெஷின ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. நீங்களே நின்னு பாருங்க."

வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஸ்தல ஆய்வு! தாராளமா."

எல்லாரும் ஷெட்டுக்குள் போனார்கள். மாதப்பனின் மெஷினில் இப்போது லிபியா. கான்ட்ராக்ட் பெண், கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். வக்கீல் வருகிறார் என்று தெரிந்து கட்டையெல்லாம் பீரோவுக்குப் போயிருந்தது. அவள் தகட்டை வைத்தாள், இரண்டு கையாலும் அழுத்தினாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள். மெஷினைச் செய்த ஜப்பான்காரன் எழுதி வைத்ததுபோல அழகாக, அசையாமல் நடந்தது வேலை.

முதலில் கத்தியது வெல்டிங் ஆள்கள். "பீஸ் எங்கப்பா? தூங்கறீங்களா?" ஷட்டர் பக்கம் லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்யா லைன் படுத்துக்குது?" என்று கத்தினார்.

வெங்கடசாமி முகம் வியர்த்தது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு லைன் நிற்பதைப் பார்த்துப் பொறுத்தவரில்லை. கால் மாற்றி நின்றார், பல்லைக் கடித்தார். இரண்டாவது ஹாரனுக்கு அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. அவசரத்துக்கென்று எப்போதும் ஒன்று வைத்திருப்பார். "தள்ளும்மா!" என்று வலது பொத்தானில் கட்டையைச் செருகினார்.

டக். டக். டக். டக். மெஷினுக்கு உயிர் வந்துவிட்டது. லிபியாவின் வலது கை உள்ளே போய் வெளியே வந்தது. லாரி டிரைவர் ஹாரனை நிறுத்தினான்.

வெங்கடசாமிக்கு அப்புறம்தான் உறைத்தது. ஜோஸ்வின் கூரையை ஆராய்ந்தான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டீ வந்துடுச்சா?" என்று கேட்டார்.

கேன்டீனுக்குத் திரும்பினதும் மாதப்பன் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். "சார், பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் என்ன சார்? எழுதுங்க."

"பாத்தது வேற, பதிவாகறது வேறப்பா." வக்கீல் பொறுமையாக விளக்கினார். "நான் பாத்தத நானே சொன்னா நான் சாட்சி ஆயிடுவேன். நான் சாட்சி ஆயிட்டா தீர்ப்பு யாரு சொல்றது? அது உனக்குத்தான் அநீதி. சட்டத்துல இதெல்லாம் ரொம்ப யோசிச்சு வெச்சிருக்காங்க."

"அப்ப கண்ண மூடிக்கிட்டே வந்திருக்கலாமே சார், எதுக்கு அவ்ளோ தூரம் நடந்தீங்க?"

"வேற யாராவது பாத்தவங்க சொல்லட்டும், பதிவு பண்றேன்."

லிபியாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஜோஸ்வினைப் பார்த்தாள், வெங்கடசாமியைப் பார்த்தாள், மாதப்பனின் கையை மட்டும் பார்க்கவில்லை. "நான் தகட்டத்தான் சார் பாத்துட்டு இருந்தேன்." மாதப்பனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நாளைக்கு கேட் பாஸ் அடிக்காவிட்டால் அவள் பஸ்ஸிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

குற்றம் நிரூபணம் ஆனது. ஆனால் கம்பெனிக்கு இதயம் உண்டு என்றான் ஜோஸ்வின். தப்பு தன்னுடையதுதான் என்று மாதப்பன் கையெழுத்துப் போட்டால் வேலை போகாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கலாம். அதற்கு இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? பாடமே கையில் இருக்கிறதே.

இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

"அந்த லாயருக்கு கண்ணு இல்வா?" என்று வீட்டில் நஞ்சம்மா கன்னடம் கலந்து பொரிந்தாள்.

"இருக்குது. பதிவுலதான் இல்ல."

திங்கள்கிழமை காலை ஷெட் வாசலில் புது பேட்ச் வரிசையாக நின்றது. தொப்பியும் கையுறையும் விறைப்பாக இருந்தன. மாதப்பன் எதிரே நின்று வலது கையைத் தூக்கினான். சலசலப்பு அடங்கியது.

"ரெண்டு கையும் பொத்தான்மேலதான் இருக்கணும். இதான் விதி. நான் மீறினேன், இப்பிடி ஆச்சு."

"உங்க தப்புதாங்களாண்ணா?" என்று முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். காவியா என்று சட்டையில் எழுதியிருந்தது.

"என் தப்புதாம்மா. விசாரிச்சு, டீ குடிச்சு, முடிவு பண்ணியாச்சு. ஒரு பொத்தான்ல கட்ட வெச்சு ஓட்டினேன். தப்பு என்னுது, கையெழுத்தே போட்டிருக்கேன்." கையைக் கீழே போடாமல் கொஞ்சம் திரும்பி உள்ளே பார்த்தான். "கட்ட யாருதுன்னுதான் யாரும் விசாரிக்கல. இருங்க, இப்ப பக்கெட்டுல வரும்."

பெயின்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெங்கடசாமி வந்தார். வரிசையின் முன்னால் வைத்துவிட்டு வழக்கம்போல ஒரு கட்டையை எடுத்துக் காவியாவிடம் நீட்டினார். அவள் பக்கெட்டைப் பார்த்தாள், மேலே நிற்கிற மூன்று விரலைப் பார்த்தாள், கையுறை போட்ட கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா வேடிக்க? புடி," என்றார் வெங்கடசாமி.

வரிசையில் யாரும் கையை நீட்டவில்லை. ஷட்டர் பக்கம் லாரி டிரைவர் ஹாரன் அடித்தான்.